மந்திரத்தை எடைபோட்டவர்கள்

1975-76 கல்வியாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகள் ஐந்தில் புதிதாக ஒரு விருப்பப் பாடம் தொடங்கப்பட்டது. மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தைக் கற்பிக்கும் பாடம் அது. 'படைப்பறிவின் விஞ்ஞானம்' என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். மத்திய அரசின் நிதியும் கிடைத்திருந்தது. பாடத்தில் சேர்ந்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று பள்ளிக்கு வெளியே ஓரிடத்துக்கு வரவேண்டும். கையில் கொஞ்சம் பழம், பூ, ஒரு வெள்ளைக் கைக்குட்டை. உள்ளே ஒரு துறவியின் படம் வைக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் அதன்முன் சம்ஸ்கிருதத்தில் பாடி, கொண்டுவந்தவற்றைப் படைப்பார். பாடியதன் பொருள் மாணவருக்குச் சொல்லப்படுவதில்லை. முடிந்தபின் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு மந்திரம் தரப்படும். அதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது.

பெற்றோர் சிலரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் மதத்தைப் புகுத்துகிறார்கள் என்பது அவர்கள் குறை. மகரிஷியின் தரப்பு மறுத்தது: இது மதமன்று, மன இறுக்கத்தைத் தளர்த்தும் ஒரு முறை, மந்திரம் என்பது பொருளற்ற ஓர் ஒலி, அவ்வளவுதான். 1977 அக்டோபரில் நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. 1979இல் மேல்முறையீட்டு மன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

இந்த வழக்கைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சங்கராச்சாரியரின் சீடர், மந்திரத்துக்குத் தெய்வ சம்பந்தம் கிடையாது என்று வாதாட, அதெல்லாம் இல்லை, உண்டு என்று ஓர் அமெரிக்க நீதிபதி தீர்ப்பெழுதுகிறார். பிறகு யோசித்துப் பார்த்தால் இது வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மந்திரத்தின் பலனை அளக்கப் புகுந்த ஒவ்வொருவரும் அதிலிருந்து எதையோ ஒன்றைக் கழித்துவிட்டே தராசில் வைத்தார்கள். ஒருவர் தெய்வத்தைக் கழித்தார். அடுத்தவர் மொழியைக் கழித்தார். இன்னொருவர் மதத்தையே மாற்றிப் போட்டுப் பார்த்தார். அந்தக் கழித்தல்களின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதற் கழித்தல் நம் ஊரிலேயே, வெகு காலத்துக்கு முன்பே நடந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாஸ்கரின் நிருக்தத்தில் கௌத்ஸர் என்றொருவரின் கருத்து எடுத்துக்காட்டப்படுகிறது. வேத மந்திரங்களுக்குப் பொருள் கிடையாது என்பது அவர் கட்சி. அவர் காட்டும் காரணம் இன்றைக்கும் யோசிக்க வைப்பது. சாதாரணப் பேச்சில் ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருள் தரும் இன்னொரு சொல்லைப் போடலாம், வரிசையையும் மாற்றலாம். மந்திரத்தில் இரண்டுக்கும் இடமில்லை. யாஸ்கர் இதை மறுக்கிறார். ஆனால் மறுப்பதற்காகவேனும் அதைப் பதிவுசெய்து வைத்தார். பின்னாளில் சாயணரும் தம் வேத பாஷ்யத்தின் முன்னுரையில் இதே விவாதத்தை எடுத்துக்கொள்கிறார். மரபின் நடுவிலேயே மரபை அசைக்கும் கேள்விக்கு ஒரு திண்ணை இருந்திருக்கிறது.

மந்திரத்தின் விளைவு பற்றிய பழங்கதைகளில் மிகவும் புகழ்பெற்றது ஒரு பிழையைப் பற்றியது. இந்திரன்மேல் வஞ்சம் கொண்ட துவஷ்டா, அவனைக் கொல்லக்கூடிய மகனை வேண்டி வேள்வி செய்கிறான். 'இந்திரசத்ரு' என்ற சொல்லில் சுரம் இடம் மாறிவிடுகிறது. இந்திரனைக் கொல்பவன் என்று வரவேண்டியது, இந்திரனால் கொல்லப்படுபவன் என்றாகிவிடுகிறது. பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். வேதம் ஓதக் கற்பவனுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை இது. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி எழுத்து, சுரம், மாத்திரை, அழுத்தம், சமநிலை, தொடர்ச்சி என்று ஆறு அங்கங்களை அடுக்குகிறது. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதும் முறைகளெல்லாம் ஓர் எழுத்தும் நழுவிவிடாதபடி போட்ட வேலிகளே. ஓதுபவனின் உடம்புக்கு என்ன நன்மை என்ற கேள்வி இங்கே எழவே இல்லை.

மூச்சைப் பற்றிய கேள்வி வேறு வழியாக வந்தது. தர்ம சாத்திரங்கள் பிராணாயாமத்துக்குத் தரும் இலக்கணம் கவனிக்கத்தக்கது: மூச்சை அடக்கிக்கொண்டு, வியாகிருதிகளோடும் சிரசோடும் கூடிய காயத்திரியை மூன்று முறை சொல்வது. அதாவது மந்திரம் இங்கே மூச்சை அளக்கும் நாழிகை வட்டில். கடிகாரம் இல்லாத காலத்தில், எண்ணுவதற்கு விரலும் ஓய்வாக இல்லாதபோது, மனப்பாடமான ஒரு பாட்டைவிட நம்பகமான அளவுகோல் ஏது? கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் கொண்டு தொல்காப்பியர் மாத்திரையை வரையறுத்ததும் இந்த உலகத்தில்தான். திருமூலர் பூரகம், கும்பகம், ரேசகம் மூன்றுக்கும் 16, 64, 32 என்று மாத்திரைக் கணக்கு வைத்தார்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும். ஜபம் மூன்று வகை. வாய்விட்டுச் சொல்வது, அடுத்தவர் காதில் விழாமல் உதடசைத்துச் சொல்வது, மனத்துக்குள்ளேயே சொல்வது. மனுஸ்மிருதி வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு உயர்ந்தது என்கிறது. உதடசைத்துச் சொல்வது நூறு மடங்கு, மனத்துக்குள் சொல்வது ஆயிரம் மடங்கு. ஒலி குறையக் குறைய மதிப்புக் கூடுகிறது.

கருவிகள் வந்த கதைக்குப் போவோம். பரோடாவில் யோகப் பயிற்சிகளை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர் 1924இல் லோணாவ்ளாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். அதே ஆண்டு 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழையும் தொடங்கினார். 1935இல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர், எடுத்துச் செல்லக்கூடிய இதயமின் வரைவியுடன் இந்தியா வந்தார். யோகி ஒருவர் தம் இதயத்தை ஏறக்குறைய நிறுத்திக் காட்டினார் என்ற செய்தி அவர் மூலமாக ஐரோப்பாவுக்குப் போனது. 1957இல் வெங்கர், பாக்சி என்ற இருவர் அமெரிக்காவிலிருந்து வந்து, டெல்லியின் பி. கே. ஆனந்தோடு சேர்ந்து அதைத் திரும்பச் சோதித்தார்கள். இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகிறது, அவ்வளவே. 1961இல் முடிவை வெளியிட்டார்கள். அற்புதத்தைத் தேடிப் போனவர்கள் மூச்சைக் கண்டு திரும்பியது அதுவே முதல் முறை.

அவர்கள் கருவிகளோடு இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்த அதே 1957இன் இறுதியில், சென்னையில் நடந்த ஓர் ஆன்மிக மாநாட்டின் முடிவில் மகேஷ் யோகி தம் உலக இயக்கத்தை அறிவித்தார். அலகாபாதில் இயற்பியல் படித்தவர். ஜோதிர்மடத்தின் சங்கராச்சாரியராயிருந்து 1953இல் மறைந்த பிரம்மானந்த சரசுவதியின் சீடர். நியூ ஜெர்சிப் படத்தில் இருந்த துறவி இவர் குருதான். 1968இல் பீட்டில்ஸ் ரிஷிகேசத்தில் இவரிடம் வந்து தங்கியதை எல்லோரும் அறிவார்கள். அதைவிடப் பெரிய காரியம், என் பார்வையில், அடுத்து நடந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ராபர்ட் கீத் வாலஸ், தியானம் பழகிய 15 பேரைக் கருவிகளோடு பிணைத்து உட்காரவைத்தார். மனத்துக்குள் மந்திரம் ஓடும்போது ஆக்ஸிஜன் செலவு ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தது. இதயத் துடிப்புத் தணிந்தது. தோலின் மின்தடை உயர்ந்தது. 1970 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழ் இதை வெளியிட்டது. மந்திரத்துக்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரை கிடைத்துவிட்டது. வாலஸ் பின்னர் மகரிஷியின் பல்கலைக்கழகத்துக்கே முதல் தலைவரானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதித்தவர் சோதிக்கப்பட்ட வீட்டின் பிள்ளை.

வெளியாள் ஒருவரும் இருந்தார். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன். குரங்குகளின் இரத்த அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அவரிடம் 1968இல் தியானக்காரர்கள் போய், எங்களைச் சோதியுங்கள் என்று கேட்டார்கள். முதலில் மறுத்தவர் பிறகு இசைந்தார். 1972இல் வாலஸோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். அதன்பின் அவர் கேட்டது எளிய கேள்வி: சம்ஸ்கிருத மந்திரம்தான் வேண்டுமா? காணிக்கை, படம், ரகசியம் எதுவும் இல்லாமல், மூச்சு வெளியேறும்போதெல்லாம் ஆங்கிலத்தில் 'ஒன்' என்ற சொல்லை மனத்துக்குள் சொல்லச் செய்தார். அதே தளர்வு வந்தது என்றார். 1975இல் வெளியான அவர் புத்தகம் பெருவாரியாக விற்றது. மகரிஷி தெய்வத்தைக் கழித்தார் என்றால் பென்சன் மந்திரத்தையே கழித்தார்.

கழித்தல் அத்தோடு நிற்கவில்லை. 1976இல் அதே 'சயன்ஸ்' இதழில் பகானோவும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு செய்தி சொன்னார்கள். அனுபவம் மிக்க ஐந்து தியானிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்ததில், தியான நேரத்தில் கணிசமான பகுதியை அவர்கள் தூங்கிக் கழித்திருந்தார்கள். (கோயில் பிரசங்கங்களில் முன்வரிசையைக் கவனித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.) 1984இல் டேவிட் ஹோம்ஸ் என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சும்மா சாய்ந்து ஓய்வெடுப்பவரோடு ஒப்பிட்டால் உடம்பின் பரபரப்பைத் தணிப்பதில் தியானத்துக்குத் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை என்றார். இதை மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும் மனத்துக்குள் சொல்லும் மந்திரத்தின் கணக்கு, ஓய்வு நாற்காலியின் கணக்கோடு மயங்கத் தொடங்கிவிட்டது.

பிறகு கேள்வி ஒலிக்குத் திரும்பியது. அதற்குக் காரணம் ஓர் இத்தாலியர். பவியா பல்கலைக்கழகத்தின் லூசியானோ பெர்னார்டி, இதயத்தையும் மூச்சையும் இணைக்கும் தாளங்களை ஆராய்பவர். 23 நலமான மனிதர்களைக் கொண்டு அவர் குழு செய்த ஆய்வு 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களை இரண்டு ஜபங்களை வாய்விட்டுச் சொல்லவைத்தார்கள். ஒன்று, லத்தீன் மொழியில் கத்தோலிக்கரின் ஜெபமாலை. மற்றொன்று 'ஓம் மணி பத்மே ஹூம்'. இது பௌத்த மந்திரம். இந்து மந்திரத்துக்குச் சான்றாக இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவோர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 14 முறை ஓடிய மூச்சு, இரண்டு ஜபத்திலும் 6 முறையாகக் குறைந்தது.

ஆறு என்ற எண்ணில் இருக்கிறது விஷயம். நிமிடத்துக்கு ஆறு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. நம் இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே பத்து விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் மெல்லிய அலை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கண்ட சிக்மண்ட் மேயரின் பெயரால் வழங்குவது. மூச்சின் தாளம் அந்த அலையோடு சேரும்போது, ஊஞ்சலை அது திரும்பும் கணத்தில் தள்ளியதுபோல, அலை பெரிதாகிறது. இரத்த அழுத்தம் ஏறினால் துடிப்பைத் தணித்தும் இறங்கினால் விரைவுபடுத்தியும் சமன்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மை பெறுகிறது. இதய நோயாளிகளுக்கு அந்தக் கூர்மை நல்லது என்பது மருத்துவர் அறிந்தது. ஜெபமாலை சிலுவைப் போர் வீரர்கள் வழியாக அராபியரிடமிருந்தும், அவர்களுக்குத் திபெத், இந்திய யோகிகளிடமிருந்தும் வந்திருக்கலாம் என்று கட்டுரையாசிரியர்கள் ஊகிக்கிறார்கள். எனக்கு அந்த வழிப்பயணம் அவசியமாகப் படவில்லை. ஒரே நுரையீரலும் ஒரே இதயமும் உள்ளவர்கள், வெவ்வேறு ஊர்களில் நெடுநேரம் கூட்டாக ஓதிப் பழகினால், சலிப்பில்லாத வேகத்துக்குத் தாமாகவே வந்து சேர மாட்டார்களா?

இதைப் படித்த வாரம் ஒரு காரியம் செய்தேன். என் தாயார் காலையில் கந்தரனுபூதி சொல்லும்போது கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டுக்குப் பத்து விநாடியும் சில சமயம் பன்னிரண்டும் ஆயின. இடையில் ஒரு மூச்சு. இது எந்தச் சோதனையிலும் சேராது என்று தெரியும். நான் எண்ணுகிறேன் என்று கண்டுகொண்டதும் அவர் வேகத்தைக் கூட்டிவிட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் மூச்சு மட்டும்தானா? இந்திய ஆய்வுக்கூடங்கள் கழித்ததைத் திரும்பக் கூட்டிப் பார்த்தன. பெங்களூரில் ஷெர்லி டெல்லஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பென்சனின் 'ஒன்' என்ற சொல்லையும் 'ஓம்' என்பதையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். இரண்டையும் மனத்துக்குள் சொன்னபோது மூச்சும் துடிப்பும் ஒன்றுபோலத் தணிந்தன. ஆனால் 'ஓம்' சொன்னபோது மட்டும் தோலின் மின்தடை சற்றே இறங்கியது. இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். தளர்வில் அது ஏறுவதே வழக்கம். மனம் எதையோ முக்கியமென்று கண்டு விழித்துக்கொள்ளும்போதுதான் இறங்கும். அந்த ஒலியின் பொருளை உடம்பு அடையாளம் கண்டதன் சுவடு அது என்று விளக்கினார்கள். பொருள் ஒரு விளைவைத் தருகிறது. ஆனால் அது துண்டறிக்கைகள் வாக்களிக்கும் அமைதி இல்லை. ஒரு சிறு சிலிர்ப்பு.

அதே பெங்களூரின் நிம்ஹான்ஸில் 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு, 12 பேர் 'ஓம்' என்று ஓதும்போதும், ஒப்பீட்டுக்காக 'ஸ்ஸ்' என்று ஒலிக்கும்போதும் மூளையைப் படமெடுத்தது. ஓமில் மட்டும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய சில பகுதிகளில் செயற்பாடு குறைந்தது. காதருகே பரவும் அதிர்வு ஒரு நரம்பைத் தூண்டுவதால் இருக்கலாம் என்று கருதினார்கள். 2002இல் ஸ்வீடனில் வெயிட்ஸ்பெர்கும் லுண்ட்பெர்கும் கண்டது இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது. வாயை மூடி 'ம்ம்' என்று முரலும்போது மூக்கின்வழி வெளிவரும் நைட்ரிக் ஆக்ஸைடு பதினைந்து மடங்கு கூடுகிறது. மகர ஒற்றுக்குக் கொஞ்சம் மதிப்பு மீண்டது. ஆனால் இந்தக் கணக்குகளெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் ஜபத்துக்கே உரியவை. மனு கடைசிப் படியில் வைத்ததற்குக் கருவிகள் அதிக மதிப்பெண் போடுகின்றன. ஆயிரம் மடங்கு என்று அவர் உச்சியில் வைத்ததை ஓய்வு நாற்காலியிலிருந்து பிரித்துக்காட்டவே கருவிகள் திணறுகின்றன. இரண்டு தராசுகளும் வெவ்வேறு பொருளை நிறுக்கின்றன என்றுதான் இதற்கு அர்த்தம்.

ஆனால் இன்று கோயில் வாசல்களில் கிடைக்கும் தாள்களும் கைப்பேசியில் சுற்றும் செய்திகளும் இந்த ஆய்வுகளை என்ன பாடுபடுத்துகின்றன! ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் என்பவரின் குழு யஜுர்வேதம் பல ஆண்டுகள் ஓதிப் பயின்ற 21 பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து, வேறு 21 பேரோடு ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டது. நினைவோடு தொடர்புடைய இடங்கள் உட்படப் பல பகுதிகள் பண்டிதர்களுக்குப் பெரிதாயிருந்தன. அருமையான செய்திதான். ஆனால் ஒரே ஒரு முறை எடுத்த படம், ஓதியதால் வளர்ந்ததா, வளர்ந்திருந்ததால் ஓத முடிந்ததா என்று சொல்லாது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்பவர்கள். அவர்கள் மூளையிலும் நினைவுப் பகுதியின் ஒரு பாகம் பெரிதாயிருப்பதை 2000இலேயே காட்டியிருக்கிறார்கள். துண்டறிக்கையில் டாக்சிக்கு இடம் இருப்பதில்லை.

எனக்கு இதில் ஆத்திரம் வருவதற்குக் காரணம் விஞ்ஞானப் பிழை மட்டுமன்று. உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த என் உறவினர் ஒருவர், இப்படி ஒரு தாளை நம்பி மாத்திரையை நிறுத்தினார். பெர்னார்டியின் ஆய்வு நலமானவர்களிடம் சில நிமிடங்கள் நிகழ்ந்த மாற்றத்தைச் சொல்வது. மருந்துக்கு மாற்று என்று அதில் எங்கும் இல்லை. உறவினர் பிழைத்துக்கொண்டார், வலக்கை முன்போல் இல்லை. ஜபத்தை அவர் விடவில்லை. விடச்சொல்ல எனக்கு மனமும் இல்லை.

நியூ ஜெர்சிப் பிள்ளைகள் பழமும் கைக்குட்டையுமாகப் போன அந்த ஆண்டு, பென்சனின் புத்தகம் வெளிவந்த அந்த 1975, கேரளத்துப் பாஞ்ஞாள் கிராமத்தில் இன்னொன்றும் நடந்தது. நம்பூதிரிகள் ஏப்ரல் 12 முதல் 24 வரை அக்னிசயனம் என்ற பெருவேள்வியை நிகழ்த்தினார்கள். டச்சு அறிஞர் பிரிட்ஸ் ஸ்டால் அதைப் படமெடுக்க ஏற்பாடு செய்திருந்தார். இளமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். பலியாடுகளுக்கு எதிர்ப்பு எழுந்ததால் இலையில் பொதிந்த அரிசிமாவு அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டது. மந்திரங்கள் ஓர் எழுத்தும் மாறவில்லை. பல ஆண்டு யோசித்து ஸ்டால் கௌத்ஸரின் பக்கமே போய்ச் சேர்ந்தார். மந்திரங்களுக்குப் பொருளில்லை, விதிகளே உண்டு. அவை மொழியைக் காட்டிலும் பறவைகளின் பாட்டுக்கு நெருக்கமானவை என்று எழுதினார்.

எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று அவர் அந்த நம்பூதிரிகளைக் கேட்டிருக்கிறார். முன்னோர் செய்தார்கள், அதனால் செய்கிறோம் என்றார்கள். எங்களுக்கு உரிமை இருக்கிறது என்றார்கள். ஊருக்கு நல்லது, கடமை, அமரத்துவம் கிட்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது என்றார்கள். அவர் குறித்துவைத்த அந்தப் பதில்களின் வரிசையில் இரத்த அழுத்தத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.